ஒரு சொட்டும் விழாத ஏழு மாதம்

பிறந்த வீட்டில் எனக்கு அழுமூஞ்சி என்றுதான் பெயர். ஞானஸ்நானத்தில் சாமியார் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ஆட்டுக்குட்டி நொண்டினால் அழுவேன். தம்பி அடித்தால் அழுவேன், நான் தம்பியை அடித்தாலும் அழுவேன். கோபம் வந்தால் இன்னும் மோசம். நறுக்கென்று நாலு வார்த்தை வாயில் திரண்டு வரும். அதைச் சொல்வதற்குள் கண்ணில் தண்ணீர் முட்டி, மூக்கு ஒழுகி, குரல் கம்மிப் போகும். நியாயம் என் பக்கம் இருந்த சண்டைகளில் பாதி இப்படித்தான் தோற்றேன். இத்தனைக்கும் எனக்கு வாய் நீளம் என்று ஊரெல்லாம் சொல்வார்கள்.

பெரியகுளத்துக்குப் பக்கத்தில் பிறந்த என்னைக் கம்பம் போகிற பாதையில், சின்னமனூருக்குத் தெற்கே, ஒரு கிறிஸ்து வேதக்காரர் ஊரில் கட்டிக் கொடுத்தார்கள். ஊர் நடுவே ஓலை வேய்ந்த மாதா கோயில், சுற்றி அறுபது வீடு, அதற்கப்பால் சோளக்காடு. காலையில் எழுந்து பார்த்தால் மேற்கு மலை இருக்காது. மேகம் தின்றிருக்கும். உச்சிப் பொழுதில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். புதுப்பெண்ணான எனக்கு அது பெரிய அதிசயம். வாசல் தெளித்த கையோடு மலை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். "மலை எங்கிட்டும் ஓடிப் போகாது, உள்ள வா" என்று மாமியார் கூப்பிடுவார்.

என் வீட்டுக்காரருக்குச் சுண்ணாம்புக் கல் சுடுகிற காளவாசல் வேலை தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் ஓடுகிற ஆற்றை மறித்து நம் பக்கம் திருப்பப் போகிறார்கள் என்று பள்ளத்தாக்கெல்லாம் பேச்சாக இருந்த காலம் அது. சுவர் எழுப்பச் சுண்ணாம்பு வேண்டும், சுண்ணாம்புக்கு ஆள் வேண்டும். கல்யாணமாகி ஐந்தாம் மாதம், ஆவணியில், அவரும் மலையேறினார். மேலே புலி உண்டு, அட்டை உண்டு. எல்லாவற்றுக்கும் மேல் காட்டுக் காய்ச்சல் உண்டு. ஏறினவர்களில் சிலர் இறங்கவில்லை.

அதற்காக எங்கள் பக்கத்துப் பெண்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆண்பிள்ளை மலையேறிய வீட்டில் அவனை நினைத்துப் பெண்டாட்டி கண்ணீர் விடக் கூடாது. விட்டால் அந்த ஈரம் அவன் போகிற பாதையில் போய்ச் சேர்ந்து காலை வாரிவிடும், காய்ச்சலைக் கூட்டி வரும் என்பார்கள். மற்ற வீடுகளில் இதை வாயால் சொல்லி விட்டுவிடுவார்கள். என் மாமியாருக்கு என்னைத் தெரியும். மகன் வண்டிப்பாதை திரும்பி மறைந்ததும் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். சுவரில் வியாகுல மாதா படம் இருந்தது. நெஞ்சில் வாள் குத்தி, கன்னத்தில் மூன்று சொட்டுக் கண்ணீரோடு இருப்பாள்.

"இங்கன நில்லு. அவன் எறங்கி வார வரைக்கும் ஒங்கண்ணுல ஒரு சொட்டு விழக் கூடாது. எதுக்காகவும் விழக் கூடாது. மாதாவப் பாத்துச் சத்தியம் பண்ணு."

அவனை நினைத்து அழாதே என்று சொல்லியிருந்தால் போதும். எதற்காகவும் என்று சேர்த்துவிட்டார். என் கண்ணுக்கு எது எதற்கென்று பிரித்துப் பார்க்கிற புத்தி கிடையாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"கொட்டாவி விட்டா வருமே அயித்த, அது சேத்தியா?" என்றேன்.

"கொட்டாவியா? அது கண்ணு வேர்க்குறது. அதெல்லாம் இல்ல."

"வெங்காயம் உரிச்சா?"

படத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "எதுக்கு வம்பு? வெங்காயத்த நான் உரிச்சுக்கிறேன்."

"விழுந்து விழுந்து சிரிச்சாலும் வரும்."

"அடிக் கழுத, நீ சிரிக்கவே வேணாம், போ" என்று அவர்தான் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இத யார்ட்டயும் மூச்சு விட்றாத. உபதேசியார் காதுல விழுந்துச்சு, என்னைய மறுபடி முட்டி போட வச்சிருவாக."

அது உண்மைதான். மாதத்துக்கு ஒருமுறை சாமியார் வருவார். மற்ற நாளெல்லாம் எங்களை மேய்த்தது உபதேசியார். காணாமல் போன பசுவுக்காக என் மாமியார் ஒரு குறிகாரியிடம் குறி கேட்டுவிட்டார் என்று, எனக்குக் கல்யாணமாகும் முன்பே, மூன்று ஞாயிறு கோயில் வாசலில் முட்டி போட வைத்தாராம். அஞ்ஞானப் பழக்கம் மறுபடி தலையெடுத்தால் செத்த பிறகு கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேதான் புதைப்பேன் என்றும் சொல்லியிருந்தாராம். முட்டி வலியை விட அந்தச் சுவர்தான் மாமியாரை அரித்தது. சத்தியம் செய்தேன், வாயையும் பூட்டினேன்.

அழுகையை அடக்குவது ஒரு வேலை. அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் தொண்டையில் ஓர் உருண்டை எழும்பும். அதை முழுங்கக் கூடாது, முழுங்கினால் மேலே தள்ளும். நாக்கை அண்ணத்தில் ஒட்டவைத்து மூக்கு வழியாக மெதுவாக மூச்சு விட வேண்டும். விட்டத்தைப் பார்க்க வேண்டும். கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஊதாங்குழலைக் கண்ணை மூடிக்கொண்டே ஊதுவேன். புகை எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் உட்காருவேன். சாயங்காலம் விளக்கேற்றும் முன்னால் மாமியார் தன் கட்டை விரலால் என் கண்ணுக்குக் கீழே ஒரு தடவு தடவிப் பார்ப்பார். "காஞ்சுதான் கெடக்கு" என்பார். அதற்கப்புறம்தான் செபம். என் பிறந்த வீட்டில்கூட யாரும் என் முகத்தை அப்படித் தினமும் தொட்டதில்லை.

மார்கழிப் பனியில் மாமியாருக்கு நெஞ்சில் சளி கட்டியது. நாலே நாள். நாலாம் நாள் பகலில் பேச்சு நின்றுவிட்டது. கண் மட்டும் என் மேலே இருந்தது. கையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் குனிந்து முகத்தைக் கொண்டுபோனேன். கட்டை விரல் என் கண்ணுக்குக் கீழே வந்து நின்றது. அப்படியே போய்விட்டார்.

அந்த இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் அழுவார்கள். உருண்டை எழும்பியது, நாக்கு தானாகப் போய் அண்ணத்தில் ஒட்டியது, மூச்சு மூக்கு வழியாகப் போனது. பழக்கம்! நாலு மாதம் பழகிய பழக்கம் நான் யோசிப்பதற்கு முன்னால் வேலையை முடித்துவிட்டது.

அதே நாள் கம்பத்திலிருந்து வந்த வண்டிக்காரர் ஒருவர் வாசலில் நின்று தகவல் சொன்னார். மேலே என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடக்கிறார், பிரக்ஞை வருவதும் போவதுமாக இருக்கிறதாம், தாய் செத்ததைச் சொன்னாலும் அவர் காதில் ஏறாதாம். இதைக் கேட்டதும் வருவதற்கிருந்த கொஞ்சமும் வற்றிவிட்டது. ஒரு சொட்டு விழுந்தாலும் அவரும் போய்விடுவார் என்று உடம்பு முழுக்கப் பயம். பத்தொன்பது வயது எனக்கு. இன்று சிரிப்பாக இருக்கிறது என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் சிரிப்பு வரவில்லை.

தேவாரம் ஊரிலிருந்து நாத்தனார் வந்து இறங்கினார், என் வீட்டுக்காரருக்கு அக்கா. தெருமுனையிலேயே கூந்தலை அவிழ்த்துவிட்டு ஓடிவந்தார். எங்கள் பக்கத்துக் கேத வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டுதான் அழுவார்கள். நெற்றியும் நெற்றியும் முட்டும். யாருடைய கண்ணீர் யார் தோளில் விழுகிறது என்று தெரியாது. வேதத்தில் சேர்ந்தும் இதை மட்டும் எங்கள் பெண்கள் விடவில்லை. உபதேசியாரும் பார்க்காதவர் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த வட்டத்தில் என்னையும் இழுத்தார்கள். நாத்தனாரின் கன்னம் என் கன்னத்தில் ஒட்டியது. அவர் கன்னம் நனைந்திருந்தது, என் கன்னம் உலர்ந்திருந்தது. சட்டென்று ராகம் நின்றது. தலையை விலக்கி என்னைப் பார்த்தார்.

"ஏ புள்ள, எங்க ஆத்தாடி கெடக்குறது! ஒனக்கு ஒரு சொட்டுத் தண்ணி வரலையா?"

வட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. சத்தியத்தைச் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். ஆனால் வெளியே சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உபதேசியார் செபப் புத்தகத்தோடு நின்றார். குழி சுவருக்கு உள்ளேயா வெளியேயா என்பது என் வாயில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மாமியாரைச் சுவருக்கு உள்ளே, மாமனாருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். எனக்கு அது போதும். பிறகும் சொல்லவில்லை, தெரிந்தால் தோண்டி வெளியே போட்டுவிடுவார்களோ என்று பயம்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்குக் கோர்வையாக நினைவில் இல்லை. அரைத் தூக்கத்தில் நடந்ததாகத்தான் இருக்கிறது. அந்த வருடம் மேகம் வழக்கத்தை விடக் கீழே இறங்கி, சோளத்தட்டையின் நுனியைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. தண்ணீருக்குப் போவேன், குடம் இடுப்பில் இருக்கும், வந்த வழி தெரியாது. யாரோ பேசுவார்கள், சத்தம் தூரத்துக் கிணற்றில் பேசுவது போல் வரும். சோற்றில் உப்பு இருக்கிறதா என்று தெரியாது. முதலில் நான் அழுகையை அடக்கினேன். பிறகு அடக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அழுகையை மட்டும் தனியாகப் பூட்டி வைக்க முடியாது போலிருக்கிறது. கூடவே எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டுவிட்டது. வாய் நீளம் என்று பேர் வாங்கியவள், நாத்தனார் திட்டும்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாத்தனார் வீட்டைப் பார்த்துக்கொள்ள இங்கேயே தங்கிவிட்டார். திட்டாத நேரமில்லை. "கல்நெஞ்சுக்காரி. எந்தம்பி வரட்டும், ஒன்னைய வண்டியேத்தி ஒங்கப்பன் வீட்டுக்கு அனுப்புறேனா இல்லையா பாரு." சும்மா சொல்வது இல்லை அது. மாமியார் பிணத்துக்கு அழாதவளை வைத்து வாழ மாட்டோம் என்று எந்தச் சொந்தக்காரரும் சொல்லலாம், ஊர் தலையாட்டும். மத்தியானங்களில் அவர் மாட்டுக் கொட்டத்துக்குப் போய்ப் பசுவின் கழுத்தில் சாய்ந்து தனியாக அழுவார். சன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அழுதுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தால் அவர் முகம் மழைவிட்ட வாசல் மாதிரி இருக்கும். எனக்கு அவர் மேல் வெறுப்பு இல்லை, பொறாமைதான் இருந்தது.

வெங்காயம் உரிக்க மாட்டேன் என்று நான் நழுவுவது அவர் கண்ணில் படாமல் போகுமா? "வேலைக்கு வளையாத ஒடம்பு" என்றார் முதலில். பிறகு இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்களோடு கூடிப் பேசி வேறு முடிவுக்கு வந்தார்: எனக்குக் கண்ணில் தண்ணீரே கிடையாது, ஊற்று அடைபட்டுப் போய்விட்டது, அதைத் திறக்க வேண்டும். ஒருநாள் காலை இருவர் என் தோளை அழுத்திப் பிடிக்க, நாத்தனார் நசுக்கிய வெங்காயத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து பிழிந்தார். கண் எரிந்து, தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டியது.

"பாத்தீகளா!" என்று துள்ளினார். "ஊத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. மனசுதான் இல்ல இவளுக்கு!"

நான் அலறிக்கொண்டு முந்தானையால் அந்தத் தண்ணீரைத் தரையில் விழுமுன் ஒற்றி ஒற்றி எடுத்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். வெங்காயக் கேள்விக்கு மாமியார் பதில் சொல்லாமலே போய்விட்டாரே! கேட்க இனி யார் இருக்கிறார்கள்? அன்றிலிருந்து மலையிலிருந்து எந்த வண்டியும் என் வீட்டுக்காரரைப் பற்றித் தகவல் கொண்டுவரவில்லை. நான்தான் அவரைக் கொன்றுவிட்டேன் என்று வாரக்கணக்காக நம்பினேன்.

வெகுகாலம் கழித்து மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் இதைக் கேட்டிருக்கிறேன். கண்ணுக்கு மேலே வெளி ஓரத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது, வெங்காயத்துக்கும் துக்கத்துக்கும் அங்கிருந்துதான் நீர் வருகிறது, மிஞ்சுவது மூக்குக்குள் இறங்குகிறது, அதனால்தான் அழுதால் மூக்கு ஒழுகுகிறது என்றார். ஆனால் எரிச்சலுக்கு வருவதும் மனசுக்கு வருவதும் வேறு வேறு வழியாக உத்தரவு பெற்று வருகின்றனவாம். பிறந்த குழந்தை முதல் சில வாரம் கண்ணீர் இல்லாமல் வறட்டுக் கத்தலாகக் கத்துவதையும் சொன்னார். என் பிள்ளைகளிடம் நானே பார்த்ததுதான். "அழ வேண்டிய நேரத்துல வராம, பிறகு ஒரு நாள் மொத்தமா வருதே, அது ஏன்?" என்றேன். பயம் தீராமல் உடம்பு அதற்கு இடம் கொடுக்காது போலிருக்கிறது, சரியாக யாருக்கும் தெரியாது அம்மா என்றார். தெரியாது என்று சொன்ன டாக்டரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பங்குனியில், தவக்காலத்தில், மேலே வேலையை நிறுத்தினார்கள். வெயில் ஏறினால் காய்ச்சல் பெருகும் என்று எல்லோரையும் கீழே அனுப்பினார்கள். சாயங்காலம் நாலு மணி இருக்கும். வண்டிப்பாதையில் ஓர் ஆள் வந்தார். எலும்பும் தோலுமாக, முடி கொட்டி, கம்பு ஊன்றி. வாசலுக்கு வந்து நின்ற பிறகுதான் என் வீட்டுக்காரர் என்று தெரிந்தது. என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? வெங்காயம் சேர்த்தி இல்லை, அதுதான். சந்தோஷம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

தாய் செத்தது அவருக்குப் பாதி வழியில் தெரிந்திருந்தது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். சொம்பைக் கீழே வைக்கும் முன்னால் நாத்தனார் ஆரம்பித்துவிட்டார்.

"ஏலே, ஒம்பொண்டாட்டி நம்ம ஆத்தாளுக்கு ஒரு சொட்டு அழுகலடா. ஊரே பாத்துச்சு. இவள இன்னும் வீட்டுல வச்சிருக்கணுமா? நீயே சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார். "அழுகலையா?"

"இல்ல."

"ஒரு சொட்டுக்கூடவா?"

"இல்ல" என்றேன். என்னை அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். எந்த மூலையில் என் தகரப்பெட்டி இருக்கிறது என்று கண் தேடியது.

அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அக்கா, அவள அழுகக் கூடாதுன்னு சொன்னதே ஆத்தாதான். நான் பொறப்படுறப்ப எங்கிட்டச் சொன்னாக. நீ பாட்டுக்குப் போயிட்டு வா, ஒம்பொண்டாட்டி கண்ணுல பொட்டுத் தண்ணி வராமச் சத்தியம் வாங்கி வைக்கிறேன்னாக. அவ சத்தியத்தக் காப்பாத்தியிருக்கா. ஆத்தா செத்தன்னைக்கும் காப்பாத்தியிருக்கா."

நாத்தனார் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் புரியாதவர் போல மெதுவாகச் சொன்னார்:

"நான் அழுதேனேடா. கொட்டத்துக்குள்ள போயித் தெனமும் ஒன்னைய நெனச்சுத்தான் அழுதேன். நீ செத்துட்டன்னே நெனச்சு அழுதேன். ஒனக்கு ஒண்ணும் ஆகலையே. வந்துட்டியே."

அந்த வார்த்தை எனக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இவர் அழுதிருக்கிறார், தினமும் அழுதிருக்கிறார், தம்பிக்காகவே அழுதிருக்கிறார். அவர் உயிரோடுதான் வந்திருக்கிறார்.

"அப்ப நானும் அழுதிருக்கலாமா?" என்றேன்.

நாக்கு வழக்கம்போல அண்ணத்துக்குப் போனது, ஆனால் ஒட்டவில்லை. வயிற்றுக்குக் கீழே எங்கிருந்தோ ஒரு சத்தம் கிளம்பி வந்தது. என் சத்தம் என்றே எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே சரிந்துவிட்டேன். நாத்தனார் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவர் நெற்றி என் நெற்றியில் முட்டியது. இந்த முறை எங்கள் இரண்டு பேர் கன்னமும் நனைந்திருந்தது. "என்னைய மன்னிச்சிரு ஆத்தா, மன்னிச்சிரு ஆத்தா" என்று அவர் ராகத்தோடு இழுக்க, நான் ராகம் தெரியாமல் கத்தினேன்.

தெரு முழுக்கக் கதவு திறந்தது. மலையிலிருந்து ஆள் வந்ததைப் பார்த்திருந்தவர்கள், அவர்தான் வந்ததும் விழுந்துவிட்டார் என்று நினைத்து ஓடிவந்தார்கள். அவர் சுவரில் சாய்ந்து உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்துப்போய் நின்றார்கள். தோளைப் பிடித்து வெங்காயம் பிழிய உதவின பக்கத்து வீட்டுக்காரிதான் என் முகத்தை நிமிர்த்தி, "யாருத்தா? யாரு செத்தா?" என்று கேட்டாள்.

"எங்க அயித்த செத்துப் போனாக" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மார்கழியில் செத்தவருக்குப் பங்குனியில் என்ன அழுகை என்றும் கேட்கவில்லை. கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து என் கழுத்தில் கையைப் போட்டாள். வாசலில் நின்ற மற்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.